காணி வழிகாட்டிக்குப் பின்னால் நட

அன்புள்ள தங்கைக்கு,

வரும் ஜனவரியில் அகத்தியமலை ஏறப்போவதாகவும், பிறகு பெண்கள் குழுக்களை நீயே அழைத்துப் போக விரும்புவதாகவும் எழுதியிருந்தாய். தயங்காமல் போ. நல்ல கால்பலம் இருந்த வயதில் எங்கள் தலைமுறைப் பெண்களுக்கு அந்த உச்சி மறுக்கப்பட்டிருந்தது. கேரள உயர் நீதிமன்றம் 2018இல் வழிவிட்ட பிறகு, 2019 ஜனவரியில்தான் பெண்கள் அனுமதி பெற்று ஏறினார்கள்.

1,868 மீட்டர்தானே என்று நினைத்துவிடாதே. நடை தொடங்கும் போனக்காட்டிலிருந்து ஒரு பகல் முழுக்கக் காட்டில் நடந்தால்தான் அதிருமலை முகாம். ஓடைகளைத் தாண்டி, புல்வெளியில் வெயில் வாங்கி, களைத்த நேரத்தில் முட்டிடிச்சான் ஏற்றம் எதிரே நிற்கும். மறுநாள் உச்சிக்குப் போகையில், கடைசிப் பாறைகளில் கயிற்றைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். மேகம் சட்டென்று மூடும், பாறை வழுக்கும். ஏற்றத்தில் மூச்சுத்தான் வாங்கும். முழங்கால் போவது இறக்கத்தில். இப்போதே முதுகில் சுமையோடு படியிறங்கிப் பழகு.

இவையெல்லாம் பயிற்சியில் வந்துவிடும். காடு அப்படி வராது. உன்னோடு வரும் வழிகாட்டி அந்த மலையின் பழங்குடியான காணி மக்களில் ஒருவர். அவர் திடீரென்று நிற்பார். ஒடிந்த மூங்கிலோ, சூடு ஆறாத யானை விட்டையோ, உனக்கு எட்டாத ஒரு வாடையோ அவரை நிறுத்தியிருக்கும். நீயும் நில். காரணத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். அவர் திரும்பச் சொன்னால், உச்சி கண்ணெதிரே இருந்தாலும் திரும்பு.

காணி மக்கள் இந்தக் காட்டை எவ்வளவு அறிந்தவர்கள் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1987இல் இதே மலைக்காடுகளில் தாவர ஆய்வாளர் குழு ஒன்று களைத்துத் தளர்ந்தபோது, உடன்வந்த காணிக்காரர்கள் சோர்வில்லாமல் நடந்தார்கள். வழியில் ஒரு சிறு செடியின் காயைத் தின்றுகொண்டே வந்தது அப்புறம்தான் ஆய்வாளர்களின் கண்ணில் பட்டது. அதைக் காட்டித்தர காணிக்காரர்கள் முதலில் தயங்கினார்கள். ஆரோக்கியப்பச்சை எனப்படும் அந்தச் செடியிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து வந்தது. உரிமத் தொகையில் பாதி காணி மக்களுக்கு என்று ஒப்பந்தமானது. அறிவுக்குரியவர்களுக்குப் பங்கு தந்த முன்னோடி ஏற்பாடு அது. மலையேறும் நாமோ அவர்களைச் சுமைகூலியாகவே பார்த்துவருகிறோம். இதில் எனக்கு மிகுந்த வருத்தம் உண்டு.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். பெண்கள் ஏறுவதைக் காணி மக்கள் எதிர்த்தார்கள். அவர்களுக்கு அது அகத்தியர் இருக்கும் இடம். நம் உரிமை நியாயமானது, அதை விட்டுத்தர வேண்டியதில்லை. ஆனாலும் அவர்கள் வீட்டு வாசலில் நிற்கிறோம் என்ற நினைப்பு இருக்கட்டும். உச்சியில் கூச்சல் வேண்டாம். கொண்டுபோன பிளாஸ்டிக் எல்லாம் உன் பையிலேயே கீழிறங்க வேண்டும்.

பயணம் அறிவிக்கும் நாளில், வழிகாட்டியின் சம்மதத்தோடு, உன் பெயருக்கு மேலே அவர் பெயரைப் போடு. அவருக்கு உரிய கூலியை முதலில் பேசி முடித்துவிட்டு, பிறகு ஆள் சேர்.

அன்புடன்,
அக்கா