சிஓபிடி சார்ட்டை எப்படிப் படிப்பது?

அமெரிக்க மருத்துவமனைகளின் சார்ட்டுகளைச் சென்னையில் உட்கார்ந்து கோட் செய்கிற எங்களுக்கு, சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) தினமும் வருகிற நோய். பழகிய நோய் என்பதால் கை தானாக ஜே44.9 என்று தட்டிவிடும். விவரம் எதுவும் எழுதப்படாதபோது மட்டும் போட வேண்டிய கோட் அது. டீமில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான் சொல்லிக் கொடுப்பவை இவை.

தொற்றையும் நோய் திடீரென மோசமாவதையும் குழப்பாதீர்கள். நிமோனியா, அக்யூட் பிராங்கைட்டிஸ் போன்ற தொற்று சேர்ந்தால் ஜே44.0, அந்தத் தொற்றுக்கான கோடும் உடன் வேண்டும். எது முதலில் என்பதை அட்மிஷனின் காரணம் தீர்மானிக்கும். மூச்சுத்திணறல் திடீரென மோசமாகி டாக்டர் 'எக்ஸசர்பேஷன்' என்றோ 'டிகம்பன்சேட்டட்' என்றோ எழுதினால் ஜே44.1. இரண்டும் இருந்தால் இரண்டையும் போடலாம். ஆஸ்பிரேஷன் நிமோனியாவுக்கு மட்டும் ஜே44.0 பொருந்தாது.

எம்ஃபிசீமா என்ற சொல்லைத் தேடுங்கள். அதுவும் சிஓபிடியில் ஒரு வகை என்பதால், இரண்டையும் டாக்டர் எழுதியிருந்தால் ஜே43.9 மட்டுமே. எக்ஸசர்பேஷன் இருந்தாலும் அதேதான். புதியவர்கள் இதை லேசில் நம்புவதில்லை. ஆனால் இன்பேஷண்ட் சார்ட்டில் சிடி ஸ்கேன் ரிப்போர்ட்டில் மட்டும் அந்தச் சொல் இருந்தால் கோட் போடக் கூடாது.

ஆஸ்துமாவும் இருந்தால் அதன் வகையைப் பாருங்கள். 'மைல்டு பெர்சிஸ்டென்ட்' போல வகை எழுதியிருந்தால் ஜே45 வரிசையிலும் ஒரு கோட் சேரும். சிஓபிடி மோசமானது என்பதால் ஆஸ்துமாவும் மோசமானதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வீட்டில் ஆக்சிஜனை நம்பியிருப்பவருக்கு இசட்99.81, புகைப்பழக்கத்தை விட்டவருக்கு இசட்87.891. இவை பெரும்பாலும் நர்ஸ் குறிப்பிலோ பழைய வரலாற்றிலோ ஒளிந்திருக்கும். டாக்டரின் குறிப்போடு ஒத்துப்பாருங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 1 அன்று புதிய கோட் பட்டியல் அமலுக்கு வரும். ஜே44.81, ஜே44.89 இரண்டும் 2023-ல் அப்படி வந்தவை. பழைய மனப்பாடத்தை நம்பாமல் கோட் புத்தகத்தின் இண்டெக்ஸ் பார்த்து, பிறகு டேபுலரில் சரிபாருங்கள்.

ஸ்டீராய்டும் நெபுலைசரும் அடிக்கடி கொடுத்திருக்கிறார்கள், டாக்டரோ வெறும் 'சிஓபிடி' என்று முடித்திருக்கிறார் என்றால் நீங்களாக ஜே44.1 போடாதீர்கள், டாக்டருக்குக் குவெரி அனுப்புங்கள். "எக்ஸசர்பேஷன்தானே?" என்று கேட்டால் பதிலை நாமே ஊட்டுவதாகிவிடும். "இந்தச் சிகிச்சை எந்த நிலைக்காகத் தரப்பட்டது?" என்று கேளுங்கள்.