பழைய ஆபரேஷனும் குடல் அடைப்பும்

“அப்பெண்டிக்ஸ் எடுத்துப் பத்துப் பதினைந்து வருஷமாயிற்று. இப்போது குடல் அடைப்பு என்கிறார்களே, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?” மருத்துவ உதவி கேட்டு நம் டிரஸ்டுக்கு வருபவர்கள் கேட்பதுண்டு. சம்பந்தம் இருக்கிறது. சிறுகுடல் அடைப்புக்கு முதல் காரணமே, முன்பு செய்த வயிற்று ஆபரேஷனால் உண்டாகும் ஒட்டுதல்தான்.

வயிற்றின் உட்சுவரையும் குடலையும் பெரிடோனியம் என்ற வழுவழுப்பான சவ்வு மூடியிருக்கிறது. அதனால்தான் ஏறத்தாழ 20 அடி நீளமுள்ள சிறுகுடல் சிக்காமல் நெளிந்து நகர்கிறது. ஆபரேஷனில் கத்தி பட்டும், துணி உரசியும், காற்றில் உலர்ந்தும் சவ்வு புண்படும். புண்ணின் மேல் ஃபைப்ரின் என்ற பசை படியும். உடல் அதைச் சில நாட்களில் கரைத்துவிட்டால் தொல்லையில்லை. கரையாமல் மிஞ்சியது நாராக இறுகி, குடலைக் குடலோடோ வயிற்றுச் சுவரோடோ ஒட்டிவிடும். வெளியே தழும்பு தெரிவதுபோல இது உள்தழும்பு. அந்த நாரில் குடல் மடங்கினாலோ முறுக்கிக்கொண்டாலோ அடைப்புதான். சில வாரங்களிலும் வரும், 20 வருஷம் கழித்தும் வரும்.

இதற்காக டாக்டரோடு சண்டைக்குப் போவது நியாயமில்லை. வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஒட்டுதல் கொஞ்சமாவது இருக்கும். அடைப்பு வருவது சிலருக்கே. அப்பெண்டிக்ஸ் வெடித்துச் சீழ் பரவியவர்கள், குடலிலோ கர்ப்பப்பையிலோ ஆபரேஷன் செய்தவர்கள், பலமுறை வயிற்றைத் திறந்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்கட்டும். லேப்ராஸ்கோப்பியில் ஒட்டுதல் குறைவு. கையுறையில் தடவும் பவுடரும் ஒரு காரணம் என்று கண்டு, அமெரிக்காவில் 2017-ல் அத்தகைய கையுறைகளைத் தடை செய்தார்கள்.

முறுக்கி முறுக்கி வலி, வாந்தி, வயிறு உப்பல், காற்றும் மலமும் பிரியாமை: இவை சேர்ந்து வந்தால் “வாயுத்தொல்லை” என்று சோடாவும் விளக்கெண்ணெயும் பேதி மாத்திரையும் கொடுத்துப் பார்க்காதீர்கள். வாய் வழியாக எதுவும் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். விட்டுவிட்டு வந்த வலி விடாத வலியாகி, காய்ச்சலும் கண்டால் குடலுக்கு இரத்தம் போவது நின்றிருக்கலாம். குடல் அழுகிவிடும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அங்கே மூக்கு வழியே குழாய் விட்டு, டிரிப் ஏற்றி, இரண்டு மூன்று நாள் பார்ப்பார்கள். பலருக்கு இதிலேயே அடைப்பு திறந்துவிடும். “ஏன் உடனே ஆபரேஷன் செய்யவில்லை?” என்று பதற வேண்டாம்; மறு ஆபரேஷன் புது ஒட்டுதலை உண்டாக்கும் என்பதால்தான் இந்தப் பொறுமை. குடலுக்கு ஆபத்து என்று தெரிந்தால் அவர்களே தாமதிக்க மாட்டார்கள்.

பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப்போங்கள். சிசேரியன், குடும்பக் கட்டுப்பாடு, கர்ப்பப்பை ஆபரேஷன்களை நம் பெண்களில் சிலர் கூச்சத்தில் சொல்லாமல் விடுகிறார்கள். டாக்டர் முதலில் கேட்பதே அதைத்தான்.