வண்டிக்குள் அடுப்பு, வாசலில் தீயணைப்புக் கருவி!

2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், விதியை மீறி ஏற்றிவந்த கேஸ் சிலிண்டரில் டீ போட்டபோது தீப்பிடித்து 9 பேர் இறந்தனர்.

என் அப்பா ஓட்டும் டூரிஸ்ட் வேனிலும் அடுப்பு, சிலிண்டர் ஏறும். தீயணைப்புக் கருவி அந்த அடுப்புக்குப் பின்னால்தான் கிடந்தது. "தீப்பிடிச்சா எப்படிப்பா எடுப்பீங்க?" என்று கேட்டு, கதவோரம் மாட்டினேன்.

மானியின் முள் பச்சையில் இருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள். தீப்பிடித்தால் முதலில் ஆட்களை இறக்குங்கள். சிலிண்டர் வால்வு கைக்கு எட்டினால் மூடுங்கள். கதவு முதுகுப்பக்கம் இருக்கும்படி நின்று, சேஃப்டி பின்னை உருவி, தீயின் அடியைக் குறிவைத்து, கைப்பிடியை அழுத்தி, இடமும் வலமுமாக வீசுங்கள். சிறிய கருவியில் பவுடர் பத்துப் பதினைந்து விநாடிதான் வரும்.

வேன் கடனில் வாங்கியது. ஆனாலும் அப்பாவிடம் சொல்லிவிட்டேன்: "அணையலைன்னா விட்டுட்டு இறங்கிடுங்கப்பா."