ஆனந்த் விஹார் கணக்கை மூணு தடவை எழுதாதே

தம்பி, டெல்லிக் காத்து மாசு புராஜெக்ட்னு நீ அனுப்பின ஃபோல்டரைப் பாத்தேன். ஆனந்த் விஹாருக்கு ஒரு நோட்புக், ஆர்.கே.புரத்துக்கு ஒண்ணு, பஞ்சாபி பாகுக்கு இன்னொண்ணு. பிஎம் 2.5 அளவை ஏக்யூஐ-ங்கிற காத்துத் தர எண்ணா மாத்துற ஃபங்ஷன் மூணுலயும் காப்பி பேஸ்ட். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாளைக்கே எல்லையை மாத்தினா மூணு இடத்துல திருத்தணும். ஒண்ணை விட்டேன்னு வை, பஞ்சாபி பாக் மட்டும் கொடைக்கானல் ஆயிடும்.

அந்த ஃபங்ஷனைத்தான் முதல்ல வெளியே எடு. கிராஃப் வரையற வரியெல்லாம் நோட்புக்லயே கெடக்கட்டும், எல்லாத்தையும் பேக்கேஜ் ஆக்குறேன்னு நேத்திக்கடனா இருக்கு? வெளியே எடுக்குற ஃபங்ஷனுக்குள்ள சிஎஸ்வி பாத், ஸ்டேஷன் பேரு எதுவும் இருக்கக் கூடாது. எண்ணை வாங்கி எண்ணைத் திருப்பித் தரணும், அவ்வளவுதான். ஒரு நாளுக்குக் குறைஞ்சது 16 மணி நேர அளவு வேணும்ங்கிற விதியைச் சரிபாக்குறது தனி ஃபங்ஷன்.

எஸ்ஆர்சி-ன்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள பேக்கேஜ் பேர்ல ஒரு ஃபோல்டர், அதுல காலியா ஒரு இனிட் ஃபைல், கூடவே வெளியே எடுத்த ஃபங்ஷன்களுக்கு ஒரு ஃபைல். எஸ்ஆர்சி எதுக்குன்னா, அது இல்லேன்னா இன்ஸ்டால் பண்ணாமலே உன் லேப்டாப்ல இம்போர்ட் ஆயிடும், கைடு மெஷின்ல போய்தான் மானம் போகும். வெளியே பைப்ராஜெக்ட் டோமல் ஃபைல்ல பேரு, வெர்ஷன், பாண்டாஸ் வேணும்ங்கிற விவரம். அப்புறம் பிப் இன்ஸ்டால், மைனஸ் ஈ, ஒரு புள்ளி. கோடை மாத்தினா திரும்ப இன்ஸ்டால் பண்ண வேண்டாம். ஆனா தொறந்திருக்கிற நோட்புக்ல கெர்னலை ரீஸ்டார்ட் பண்ணு, இல்லேன்னா பழைய கோடுதான் ஓடும். 'மாத்திட்டேன்க்கா, மாறலக்கா'ன்னு ராத்திரி எனக்கு போன் பண்ணாதே.

நோட்புக் இருக்கிற ஃபோல்டர்ல எந்த ஃபைலுக்கும் சிஎஸ்வி.பிஒய்-னு மட்டும் பேரு வெச்சிடாதே. பைத்தானோட சொந்த மாடியூலை அது மறைச்சிடும், பாண்டாஸே எழுந்திருக்காது. பிப்ல போடுற பேரும் இம்போர்ட் பேரும் ஒண்ணா இருக்கணும்னும் இல்ல. ஓபன்-தமிழ்னு இன்ஸ்டால் பண்ணிட்டு 'தமிழ்'னுதான் இம்போர்ட் பண்றோம். நல்ல ஃபங்ஷன் எப்படி இருக்கும்னு அதோட கோடைத் தொறந்து பாரு. 'டெல்லி'க்கு பைத்தான் லென் 6-ன்னு சொல்லும், அதுல இருக்கிற எழுத்துப் பிரிக்கிற ஃபங்ஷன் 3-ன்னு சரியா சொல்லும். எந்த ஃபைல், எந்த ஊருன்னு அந்த ஃபங்ஷனுக்குக் கவலையே கிடையாது.

பைபிஐ-ல ஏத்துற ஆசை இப்ப வேண்டாம். கிட் ரெப்போ இருந்தாலே பிப் நேரா எடுத்துக்கும். அதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் எழுது: பிஎம் 2.5 60-ன்னா 100 வரணும், 120-ன்னா 300, 250-ன்னா 400.