அரை டன் எழுதுபொருள்



ஹிரோஷிமாவின் ஹொன்காவா பள்ளியைப் பற்றி நீங்கள் சிறுவர் இதழில் எழுதிய கட்டுரையைச் சிவப்புப் பேனாவும் கையுமாகப் படித்தேன். வாத்தியார் புத்தி, பென்ஷன் வாங்கியும் போகவில்லை.

அந்தக் கேக் பத்தி அபாரம். 1946 நவம்பரில் அணுகுண்டுப் புகை வடிவத்தில் செய்த கேக்கை அமெரிக்கக் கடற்படை அட்மிரல் சிரித்தபடி வெட்டுகிற புகைப்படம், அதைப் பார்த்துக் கொதித்துப்போய்ப் பிரசங்கம் செய்த வாஷிங்டன் பாதிரியார் பவல் டேவிஸ். ஒரு வசவுச் சொல்கூட இல்லாமல் நான்கே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அப்படி எழுத வராது.

பிள்ளைகள் உள்ளே வந்ததும் கட்டுரை கெட்டுப்போகிறது. பத்திக்குப் பத்தி 'பிஞ்சு உள்ளங்கள்', நடுநடுவே 'சமாதானப் புறாக்கள்'. போதாக்குறைக்கு, அமெரிக்கப் பிள்ளைகள் ஹிரோஷிமாவிடம் மன்னிப்புக் கேட்டார்களாம். குண்டு போட்டவர்கள் பெரியவர்கள். மன்னிப்பும் அவர்கள் பாடு. அந்தச் சுமையைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை தலையில் ஏற்ற நீங்கள் யார்? டேவிஸின் ஆல் சோல்ஸ் தேவாலயத்துப் பிள்ளைகள் செய்தது வேலை. 1947-ல் பென்சில், கிரேயான், காகிதம், பசை, பேப்பர் கிளிப் என்று சுமார் அரை டன் சேர்த்து ஹிரோஷிமாவுக்கு அனுப்பினார்கள். இத்தனையையும் 'உதவிப் பொருட்கள்' என்று சொல்லித் தாண்டிவிட்டீர்களே! ஒரு பென்சில் ஐந்தாறு கிராம்தான் இருக்கும். அரை டன் சேர எத்தனை கை வேண்டும், கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் வாசகனுக்குப் பத்து வயது. உலக சகோதரத்துவம் அவனுக்கு எட்டாது, பேப்பர் கிளிப் நன்றாகத் தெரியும்.

பள்ளியில் பல வருஷம் ஜூனியர் ரெட் கிராஸ் (ஜே.ஆர்.சி.) கவுன்சிலராக இருந்தவன் நான். அந்த வேலைகளிலேயே எனக்குப் பிடித்தது வெளிநாட்டுப் பள்ளிக்கு ஆல்பம் செய்து அனுப்புவதுதான். ஒரு தலைமையாசிரியர் தாஜ்மகாலை வரையச் சொன்னார். ஊர் எல்லை தாண்டாத பிள்ளைகள் காலண்டரைப் பார்த்து வரிசையாகத் தாஜ்மகால் வரைந்து தள்ளினார்கள். ஒருவன் மட்டும் சத்துணவு சாப்பிட்டுவிட்டுத் தட்டுக் கழுவ நிற்கிற வரிசையை வரைந்தான். "நம்ம மானம் போயிடும் சார்" என்று அதை உருவி எடுத்துவிட்டார் தலைமையாசிரியர். சண்டை போட்டுத்தான் திரும்ப ஒட்டினேன். ஜப்பானிலிருந்து பதில் ஆல்பம் வந்தது. ஃபுஜி மலைப் படத்தைப் பையன்கள் ஏறிட்டும் பார்க்கவில்லை. ஈரத் துணியால் வகுப்பறைத் தரையைத் துடைக்கிற பிள்ளைகளின் போட்டோவைத்தான் மொய்த்தார்கள். "ஏன் சார், அங்கேயும் நம்மளைத்தான் தொடைக்கச் சொல்வாங்களா?" அன்றைக்கு ஜப்பான் அவர்களுக்குப் பக்கத்துத் தெரு ஆகிவிட்டது.

ஹொன்காவா விஷயத்தில் இன்னொன்று உறுத்துகிறது. குண்டு வெடித்த மையத்திலிருந்து அரைக் கிலோமீட்டர்கூட இல்லாத பள்ளி. அன்று காலை அங்கே இருந்தவர்களில் ஒரு மாணவியும் ஓர் ஆசிரியையும் மட்டுமே பிழைத்தார்கள். அந்தக் கட்டிடத்தில் உட்கார்ந்துதான், வந்த கிரேயான்களால் பிள்ளைகள் படம் வரைந்து 1948-ல் வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். மரம், பூ, விளையாடும் சிநேகிதர்கள், பளீரென்ற நிறங்கள். 'துயரத்தை மறைத்துக்கொண்டு வரைந்தார்கள்' என்கிறீர்கள். மறைத்ததை எப்படிக் கண்டீர்கள்? புதுக் கிரேயான் கைக்கு வந்தால் பிள்ளை நிறம் தீட்டாமல் வேறென்ன செய்யும்? அந்தப் படத்தை அழவைக்காதீர்கள் தம்பி. அதைப் பார்த்து அழுவதும் அழாததும் வாசகன் இஷ்டம்.

2010-ல் அந்த ஓவியங்கள் ஹொன்காவாவுக்கே கொண்டுவரப்பட்டுக் காட்சிக்கு வைக்கப்பட்டதையும், அன்றைய பிள்ளைகள் முதுமையில் தங்கள் படங்களைப் பார்த்ததையும் கடைசி வரியில் திணித்திருக்கிறீர்கள். நியாயமா? இதைப் பற்றிய ஆவணப்படம் 2013-ல் வந்திருக்கிறது. அந்த முதியவர்கள் யாராவது கிரேயானைப் பற்றியோ காகிதத்தைப் பற்றியோ பேசுகிறார்களா என்று கவனித்துப் பாருங்கள். ஒரு வாக்கியம் கிடைத்தாலும் போதும், நூலாக்கும்போது கட்டுரையை அங்கிருந்து ஆரம்பியுங்கள். கேக்கை மூன்றாவது பத்திக்குத் தள்ளலாம். மனசு வராது, எனக்கும் வராது; ஆனாலும் தள்ளுங்கள்.