இரண்டு நிமிட விமானம் ஏறப் போகிறீர்களா?

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஆர்க்னித் தீவுக்கூட்டத்தில் வெஸ்ட்ரேக்கும் பாப்பா வெஸ்ட்ரேக்கும் இடையே வான்வழித் தொலைவு சுமார் 2.7 கிலோமீட்டர். எடின்பரோ விமான நிலையத்தின் ஓடுபாதையே ஏறக்குறைய அவ்வளவு நீளம். அட்டவணையில் பறக்கும் நேரம் 2 நிமிடம். காற்று ஒத்துழைத்த ஒரு நாளில் 53 விநாடியில் இறங்கியதுதான் சாதனை. உலகிலேயே மிகக் குறுகிய இந்தப் பயணிகள் சேவையை லோகன்ஏர் நிறுவனம் 1967 முதல் நடத்தி வருகிறது.

அந்த இரண்டு நிமிடத்துக்கு முன்னால் எவ்வளவு வழி இருக்கிறது என்று பாருங்கள். சென்னையில் இருந்து லண்டனுக்கே பத்து மணி நேரத்துக்கு மேல். அங்கிருந்து எடின்பரோ, கிளாஸ்கோ, அபர்டீன், இன்வெர்னஸ் ஏதாவது ஓர் ஊர் போய், ஆர்க்னியின் தலைநகரான கிர்க்வாலுக்கு இன்னொரு விமானம். கிர்க்வாலில் ஓர் இரவாவது தங்குங்கள். மூடுபனியும் காற்றும் அட்டவணையை மதிப்பதில்லை.

டிக்கெட் எடுக்கும்போது கவனம் தேவை. கிர்க்வாலில் இருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு நேராகப் போகும் விமானமும் உண்டு. கால் மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். அதில் ஏறினால் வந்த காரியம் கெட்டது. வெஸ்ட்ரேயில் இறங்கி ஏறும் விமானம் எந்த நாளில், எந்தத் திசையில் என்று பார்த்து எடுங்கள்.

விமானம் பிரிட்டன்-நார்மன் ஐலாண்டர். உள்ளே நடைபாதை கிடையாது; பக்கவாட்டுக் கதவைத் திறந்து, கார் ஏறுவதுபோல் நேராக இருக்கையில் உட்கார வேண்டும். எடை சமமாக இருப்பதற்காக யார் எங்கே என்பதை ஊழியர்களே முடிவு செய்வார்கள். அதிர்ஷ்டம் இருந்தால் விமானிக்குப் பக்கத்து இருக்கை கிடைக்கும். பெட்டியைச் சிறியதாக வைத்துக்கொள்ளுங்கள். கேமராவை ஓடுபாதையிலேயே தயாராக எடுத்துவிடுங்கள். பறக்கத் தொடங்கியபின் பையைத் துழாவினால் அதற்குள் தரை வந்துவிடும்.

இறங்கிய கையோடு திரும்புகிறவர்களும் உண்டு. எனக்கு அது வீண்செலவாகத்தான் படுகிறது. பாப்பா வெஸ்ட்ரேயின் மேற்குக் கரையில் நாப் ஆஃப் ஹவர் என்ற இரட்டைக் கல்வீடு நிற்கிறது. அதில் கி.மு. 3700 வாக்கிலேயே ஆட்கள் குடியிருந்தார்கள். கீசாவின் பெரிய பிரமிடை விட ஆயிரம் ஆண்டு மூத்தது. குனிந்து வாசலுக்குள் நுழையலாம். வடக்கு முனையில் பறவைகள் சரணாலயம். கோடையில் கூடுகட்டும் ஆர்க்டிக் ஆலாக்கள் தலையைக் குறிவைத்துக் கொத்த வரும். ஒரு குச்சியைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தபடி நடங்கள், குச்சியைத்தான் கொத்தும்.

தீவில் நூறு பேர்கூட இல்லை. கூட்டுறவுச் சங்கம் நடத்தும் கடையும் விடுதியும் உண்டு. கோடை என்றால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். விமானம் ரத்தானால் பதறவேண்டாம். வெஸ்ட்ரேயின் பியரோவாலுக்குப் படகு உண்டு, அரை மணிக்குள் அக்கரை.