கோப்பிக் கணக்கு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கொக்குவில் வீட்டு விறாந்தைகளில் நோர்வேக்காரரும் சுவிஸ்காரரும் கனடாக்காரரும் ஒன்றுகூடினால், எந்த நாட்டில் கோப்பி கூட என்ற வாக்குவாதமும் எப்படியோ வந்துவிடும். ஆளுக்கொரு கைத்தொலைபேசி, ஆளுக்கொரு பட்டியல். அந்தப் பட்டியல்கள் எதை எண்ணுகின்றன என்பதை மட்டும் ஆரும் கேட்பதில்லை.

நம்பிக்கை 1: உலகத்திலேயே கூடக் கோப்பி குடிப்பவர்கள் அமெரிக்கர்கள்.

உண்மை: நாட்டு மொத்தத்தில் அமெரிக்காதான் முதலிடம், அடுத்தது பிரேசில். சனத்தொகையால் பிரித்தால் கதை மாறிவிடும். அமெரிக்கருக்குத் தலைக்கு ஆண்டில் நான்கு, ஐந்து கிலோதான் வரும். பின்லாந்துக்காரருக்கு ஏறத்தாழ 12 கிலோ. நோர்வேயும் சுவீடனும் முன்வரிசையில் நிற்கின்றன. எஸ்பிரெசோவுக்குப் பேர்போன இத்தாலி, பின்லாந்தின் அரைவாசியளவில் நின்றுவிடுகிறது. விறாந்தையில் நோர்வேக்காரர் மார்தட்டுவதில் நியாயம் உண்டு.

நம்பிக்கை 2: ஆட்களை விசாரித்து, கோப்பைகளை எண்ணித்தான் இந்தக் கணக்கை எடுக்கிறார்கள்.

உண்மை: எத்தனை கோப்பை குடிக்கிறீர்கள் என்று கேட்கும் ஆய்வுகளும் உண்டு. நாடுகளை வரிசைப்படுத்தும் கிலோக் கணக்கு அப்படி வருவதில்லை. 1963இல் தொடங்கி லண்டனில் இயங்கும் சர்வதேசக் கோப்பி அமைப்பு பயன்படுத்தும் முறை இது: நாட்டுக்குள் வந்த கோப்பியிலிருந்து திரும்ப வெளியே போனதைக் கழிப்பார்கள், களஞ்சிய இருப்பு கூடியதா குறைந்ததா என்று சரிசெய்வார்கள். மிஞ்சுவதுதான் பாவனை. கடையில் பழுதாகிக் கொட்டியதும், சுற்றுலா வந்தவர் ஹோட்டலில் குடித்ததும் அந்த நாட்டவர் தலையிலேயே விழும். ஜேர்மனி பச்சைக்கொட்டையை இறக்கி, வறுத்தும் கஃபீன் நீக்கியும் பெருமளவை மற்ற நாடுகளுக்கு அனுப்புகிறது. இறக்குமதியை மட்டும் பார்த்தால் ஜேர்மன்காரர் கோப்பியிலேயே குளிக்கிறார்கள் என்று நினைக்க வேண்டிவரும்.

விளையும் நாடுகளில் சிக்கல் இன்னும் கூட. எத்தியோப்பியா தன் விளைச்சலில் ஏறத்தாழ அரைவாசியைத் தானே குடிக்கிறது. அறுவடை மதிப்பீட்டில் பிழை வந்தால், அந்தப் பிழை அப்படியே பாவனைக் கணக்கிலும் வந்து நிற்கும்.

நம்பிக்கை 3: கிலோ என்றால் எங்கேயும் கிலோதான்.

உண்மை: எந்தக் கோப்பியின் கிலோ என்று கேட்க வேண்டும். வறுக்கும்போது கொட்டையின் ஈரம் போய் எடை குறையும். அதனால் 1 கிலோ வறுத்த கோப்பியை 1.19 கிலோ பச்சைக்கொட்டையாகவும், 1 கிலோ உடனடிக் கோப்பித்தூளை 2.6 கிலோ பச்சைக்கொட்டையாகவும் மாற்றிக் கணக்கிடுவது நெடுநாள் வழக்கம். பின்லாந்தின் 12 கிலோ பச்சைக்கொட்டைக் கணக்கு. வறுத்த தூளாகச் சொன்னால் அது 10 கிலோ. அதை 365ஆல் பிரித்தால் நாளுக்கு 27 கிராம், கோப்பைக்கு 7 கிராம் வைத்தால் நாலு கோப்பை. ஒரு பட்டியல் பச்சைக்கொட்டையிலும் மற்றது வறுத்த தூளிலும் இருந்தால், இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சண்டை பிடிப்பது வீண்.

நம்பிக்கை 4: பட்டியலின் உச்சியில் இருக்கும் நாடுதான் கூடக் குடிக்கிறது.

உண்மை: சில பட்டியல்களில் லக்சம்பேர்க் உச்சிக்குப் போயிருக்கும். ஜேர்மனியில் வறுத்த கோப்பிக்குக் கிலோவுக்கு 2.19 யூரோ தனி வரி உண்டு. லக்சம்பேர்க்கில் அப்படி ஒன்றில்லை. பெற்றோல் அடிக்கவும் சிகரெட் வாங்கவும் எல்லை தாண்டி வருகிறவர்கள் கோப்பியையும் அள்ளிக்கொண்டு போகிறார்கள். போதாததற்கு, அயல்நாடுகளில் குடியிருந்துகொண்டு அங்கே வேலைக்கு வந்துபோகிறவர்கள் இரண்டு லட்சத்துக்கு மேல். அவர்கள் குடிப்பது மேலே எழுதப்படுகிறது. பிரிக்கும்போது அவர்கள் தலை கீழே இல்லை.

நம்பிக்கை 5: இலங்கை தேயிலை நாடு, கோப்பி பிறகு வந்த நாகரிகம்.

உண்மை: முந்தியது கோப்பிதான். 1870 அளவில் இலங்கை ஆண்டுக்குப் பத்து லட்சம் அந்தர் கோப்பியைக் கப்பலேற்றியது; அந்தருக்கு 112 இறாத்தல் என்றால் ஐம்பதாயிரம் தொன்னுக்கு மேல். தமிழகத்திலிருந்து மலைநாட்டுக்கு முதலில் கூட்டிவரப்பட்ட தொழிலாளர்கள் கோப்பித் தோட்டங்களுக்குத்தான் வந்தார்கள். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டது 1867இல். 1869இல் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பியைச் சரித்த பிறகே தேயிலை அந்த நிலத்தைப் பிடித்தது. அந்தக் காலப் பதிவுகளும் கொழும்பில் கப்பலேறியதைத்தான் சரியாகச் சொல்லும். வீட்டு முற்றத்து மரத்தில் பறித்து இடித்துக் குடித்ததை எழுதிவைக்க அங்கே எந்தச் சுங்கக்காரரும் இருக்கவில்லை.

நம்பிக்கை 6: நாங்கள் குடிக்கிற கோப்பி முழுக்க அந்தக் கணக்கில் இருக்கிறது.

உண்மை: இந்தியச் சட்டம் கோப்பி–சிக்கரிக் கலவையில் 49 வீதம் வரை சிக்கரிக்கு இடங்கொடுக்கிறது. அந்தச் சிக்கரி கோப்பிக் கணக்கில் ஏறாது. எங்கள் பக்கத்து மல்லிக்கோப்பி அதையும் தாண்டிவிடும். கோப்பிக்கொட்டையைத் தாச்சியில் கறுக்க வறுத்து, மல்லியைப் பொரிய விட்டு இறக்கி, வேர்க்கொம்பும் மிளகும் சேர்த்து மில்லில் அரைப்பித்து, பழைய பால்மா ரின்னில் அடைத்துவைப்பது வழக்கம். பங்கு வீட்டுக்கு வீடு மாறும். கொட்டையே சேர்க்காத கைகளும் உண்டு. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு இதை நாளுக்கு மூன்றுதரம் குடிப்பவர் தன்னைக் கோப்பிப் பிரியர் என்றே சொல்வார். உலகக் கணக்கில் அவர் பேருக்குக் கொஞ்சக் கொட்டைதான் விழும்.

ஆகவே இலங்கையின் சிறிய எண்ணைப் பார்த்து இங்கே கோப்பி அருமை என்று முடிவுகட்ட முடியாது. நோர்வேயோடு போட்டி போட விரும்புகிறவர், குசினிக்குள் போய் ரின்னில் மல்லி எத்தனை பங்கு என்று முதலில் கேட்டுக்கொண்டு வரட்டும்.